மொட்டைமாடியில் பொறுக்கிய பதினான்கு உருண்டைகள்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கடைசியில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

நான் இப்போது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இருக்கிறேன். வெல்டிங்தான், ஒரு வருட வேலை. நான்கு பேருக்கு ஓர் அறை, நான்கு பேருக்கும் ஒரே மேஜை. அதற்கு ஒரு கால் குட்டை. எழுத்து ஆடியிருந்தால் கோபத்தில் எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பா செய்தித்தாளில் வந்த உங்கள் படத்தை அனுப்பினாள். (உங்களுக்கு மனைவி ஆனாலும் எனக்கு அவள் பாப்பாதான். நாற்பது வயதானாலும் தங்கை தங்கைதானே.) ஆராய்ச்சி நிலையத்து மொட்டைமாடியில் துடைப்பமும் தட்டுமாக நிற்கிறீர்கள். கூட்டிய தூசியிலிருந்து பதினான்கு விண்தூசி உருண்டைகள் எடுத்ததாகவும், உங்கள் கட்டுரை ஏப்ரலில் பெரிய இதழில் வரப்போவதாகவும் போட்டிருக்கிறார்கள். ‘இந்த மாடியில் இருபது வருடமாக எந்த உலோக வேலையும் நடக்கவில்லை’ என்று நீங்கள் சொன்னதும் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் முகத்தை அல்ல, பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பியை.

அந்தக் கம்பியை ஒட்டியது நான்.

ஏழு வருடம் இருக்கும். உங்களுக்கும் பாப்பாவுக்கும் கல்யாணப் பேச்சே எடுக்காத காலம். ஒரு மேஸ்திரி எங்கள் மூன்று பேரை அழைத்துப் போனார். வெள்ளைக் கட்டடம், நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். எல்லாம் எஸ்.எஸ். பைப், துருப்பிடிக்காத ரகம். வடக்கு மூலையில் ஒரு பைப் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. வேறு பைப் இல்லாததால் உள்ளே சின்னத் துண்டு செருகி ஒட்டுப்போட்டேன். படத்தில் உங்கள் இடது தோளுக்கு மேலே அந்த ஒட்டு தெரிகிறது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஒட்டும்போது பொறி பறக்கும். பறந்த பொறி உருண்டையாகி விழும், மாடி முழுக்க உருளும். அதைத்தான் நீங்கள் பொறுக்கியிருக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. கட்டுரை வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் சாப்பிடமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்


பிப்ரவரி 20

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அக்கறைக்கு நன்றி.

எட்டு மாதம் முன்பு எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரிகிறது. நான் மட்டும் மறந்துவிட்டேனா? சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, ‘மாப்ளே, என் பட்டறை மாடியில கூட்டுனேன், இது நட்சத்திரத் தூசியான்னு பாருங்க’ என்றீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெல்டிங் பொடி. அதைச் சொன்னேன். சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்னது தப்பில்லை. எல்லோரும் சிரித்தார்கள் என்று நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனதற்கு நான் என்ன செய்ய முடியும்? இப்போது என் உருண்டைகளையும் வெல்டிங் பொடி என்கிறீர்கள். கணக்கு நேர் என்று யாருக்கும் தோன்றும்.

இருந்தாலும் விளக்குகிறேன். இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. விரலில் ஒட்டினால் அழுக்கு என்று துடைத்துவிடுவீர்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால்தான் முகம் தெரியும். பதினான்கில் ஐந்து கல் உருண்டைகள். அவற்றில் இரண்டின் மேல் நூல்கண்டு சுற்றியதுபோல வரிவரியாக இருக்கும். மெக்னீசியமும் இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த ஒலிவின் என்ற கனிமம், காற்றில் உரசி உருகி, சில நொடிகளில் மறுபடி உறைந்ததால் வந்த வரிகள் அவை. அவற்றில் ஒன்றுக்கு மூக்கு உண்டு. உள்ளே இருக்கும் இரும்பு-நிக்கல் துளி கல்லைவிடக் கனம். உருண்டை காற்றில் மோதி வேகம் குறையும்போது அந்தத் துளி முன்னால் தள்ளப்பட்டு முகப்பில் புடைத்துக்கொள்ளும். பஸ் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வது போலத்தான். எங்கள் கட்டடத்திலேயே அந்த மூக்கை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர்.

மீதி ஒன்பதும் இரும்பு உருண்டைகள். எல்லாவற்றிலும் நிக்கல் இருக்கிறது. சாதாரண இரும்பில் அவ்வளவு நிக்கல் இருக்காது, விண்கல்லில் இருக்கும். குரோமியமும் தெரிந்தது. விண்கற்களில் குரோமைட் என்று ஒரு கனிமம் உண்டு, அதனால்தான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒட்டியது எஸ்.எஸ். பைப் என்று நீங்களே சொல்கிறீர்கள். எஸ்.எஸ். காந்தத்தில் ஒட்டாது. நான் ஒவ்வோர் உருண்டையையும் காந்தத்தால்தான் எடுத்தேன். ஆகவே பேச்சு இதோடு முடிந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வருடமாக நான் இங்கே கருவி இயக்குபவன். மற்றவர்கள் கொண்டுவரும் துகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பேன், கட்டுரையின் கடைசி வரியில் நன்றி சொல்வார்கள். சில பேர் அதையும் சொல்லமாட்டார்கள். முதல்முறையாக என் பெயர் முதலில் வருகிறது. அது வந்தால் ஆய்வாளர் பதவிக்கு என்னை எடுத்துக்கொள்வதாக எங்கள் பிரிவுத் தலைவி அம்மாள் சொல்லியிருக்கிறார். இதில் விளையாட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். அறையில் கூட இருக்கும் பெயின்டர், ‘ஏங்க, நாலு பக்கம் எழுதியிருக்காரு, கோபம்னா நாலு வரியில முடிச்சிருப்பாரு’ என்றார். அவர் சொன்னதால் தப்பியது.

பழி வாங்குகிறேன் என்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டு வேலை செய்தேன். கட்டுரை வரட்டும், பிறகு எவனாவது கண்டுபிடிக்கட்டும், உங்கள் மூக்கு உடையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் பாப்பா போன் செய்தாள். நீங்கள் புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகவும், கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பதாகவும் சொன்னாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

எஸ்.எஸ். காந்தத்தில் ஒட்டாது என்று எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள். பைப் ஒட்டாது. வெல்டிங் வைத்த இடம் ஒட்டும், லேசாகத்தான் ஒட்டும். உருகி உறையும்போது உள்ளே மாறிவிடுகிறது. ஏன் மாறுகிறது என்று நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும், மாறுகிறது என்பது எந்த வெல்டருக்கும் தெரியும். உங்கள் காந்தத்தை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போங்கள். பைப் மேல் வையுங்கள், பிறகு ஒட்டின் மேல் வையுங்கள். ஒரு நிமிட வேலை.

நிக்கல் இருக்கிறது என்கிறீர்கள். ஒட்டும்போது நான் உருக்கி வைக்கும் ராடிலேயே நிக்கல் இருக்கிறது, ராடு பெட்டி மேலே அச்சடித்திருக்கிறான். குரோமியம் அதைப்போல இரண்டு பங்கு. அந்த ரக ராடு இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதே ராடால் இங்கே ஓர் எஸ்.எஸ். துண்டில் ஒட்டி, விழுந்த உருண்டைகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டியிருக்கிறேன். உங்கள் கருவியில் வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு என் பெட்டியைப் பார்க்க நீங்கள் எடுத்துக்கொண்டதும் ஒரு நிமிடம்தான். இதற்காவது கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

போனேன்.

மதிய உணவு நேரம், மாடியில் யாரும் இல்லை. காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு போனேன், ஒட்டினால் இழுப்பு கையில் தெரியும் என்று. பைப் மேல் வைத்தேன், சும்மா தொங்கியது. வடக்கு மூலை ஒட்டின் பக்கம் கொண்டுபோனேன். அது தானாகத் திரும்பி ஒட்டின் மேல் போய் உட்கார்ந்தது. மெதுவாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கீழே வந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

உங்கள் பொட்டலத்தை நான்கு நாள் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பார்க்காதவரை அது வெறும் பொட்டலம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வைத்தேன்.

உங்கள் உருண்டையும் என் இரும்பு உருண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரட்டைப் பிள்ளைகளில் எது எது என்று கேட்டால் பெற்றவளாலும் சொல்ல முடியாது. கிளைகிளையாகப் பிரியும் அதே கோலம், அதே பளபளப்பு. பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். குரோமியம் இரண்டு பங்கு, நிக்கல் ஒரு பங்கு. என்னுடைய ஒன்பதையும் மறுபடி அளந்தேன். ஒன்பதிலும் இரண்டுக்கு ஒன்று. வானத்திலிருந்து வந்திருந்தால் ஒன்பதும் ஒன்பது விதமாக இருந்திருக்கும், குரோமியம் இந்த அளவுக்கு வந்தே இருக்காது. ஒரே அளவில் கலந்து அனுப்ப அங்கே யாரும் இல்லை. ராடு செய்கிறவன்தான் அப்படிக் கலப்பான்.

மாடியில் ஏதாவது வேலை நடந்ததா என்று நான் அன்றைக்கு வாசல் காவலாளியிடம் மட்டும்தான் கேட்டேன். அவருக்கு ஞாயிறு விடுமுறை. துடைப்பத்தோடு ஏறும்வரை நானும் அந்த மாடிக்குப் போனதில்லை.

ஆக ஒன்பது உங்களுடையவை, மிஞ்சுவது ஐந்து. ஐந்து கல் உருண்டைகள் கிடைப்பது ஒன்றும் புதிதல்ல, பல பேர் எடுத்திருக்கிறார்கள். இரும்பு உருண்டைகள்தான் அபூர்வம், ஒரே மாடியில் அவை ஒன்பது என்பதால்தான் அந்த இதழ் எடுத்துக்கொண்டது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவிடமும் சொல்லவில்லை. கட்டுரை அச்சுக்குப் போக இருபது நாள் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மேஸ்திரியோடு வந்த மற்ற இரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்கள் செய்தித்தாள் படிப்பவர்களா?

நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

புரிகிறது. ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் இறந்துவிட்டார். மேஸ்திரிக்கு எழுத்தே தெரியாது. செய்தித்தாள் படிக்கிறவன் நான் மட்டும்தான், நானும் தங்கை அனுப்பினால் படிப்பவன். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இது பாப்பா மேல் சத்தியம். அந்தக் கவலையை விடுங்கள்.

போன மாதம் இங்கே ஒன்று நடந்தது. குடிதண்ணீர்க் குழாய், நான் ஒட்டியது. ஒட்டும்போது ஓரிடத்தில் ராடு ஒரு நொடி திக்கியது. வெளியே பார்த்தால் அழகாக இருந்தது. மேற்பார்வையாளர் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், பெயின்டர் அடித்த இரண்டு பூச்சும் காய்ந்துவிட்டது. எனக்கு மட்டும் கையில் அந்தத் திக்கல் இருந்தது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன். மேற்பார்வையாளருக்கு வந்த கோபத்தில் என் ஊரையும் குலத்தையும் சேர்த்துத் திட்டினார். கிரைண்டர் வைத்து அறுத்து மறுபடி ஒட்டினேன். உள்ளே ஊசித்துளை இருந்ததா என்று கேட்காதீர்கள், அறுத்ததில் எல்லாம் பொடியாகிவிட்டது. அது ஒழுகியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயின்டர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதை உங்களுக்குப் புத்தி சொல்ல எழுதவில்லை. உங்கள் ஒட்டு, உங்கள் கை. சொன்னால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருடம் கடைசி வரியில் நின்றவருக்கு முதல் வரி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க நான் ஆராய்ச்சியாளனாக இருக்க வேண்டியதில்லை. நான் ஒட்டிய கப்பல் கடலில் இறங்கும்போது மேடையில் நிற்கிறவர்களில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னொன்று. ஒன்பது மாதமாகத் தொண்டையில் நிற்கிறது, துப்பிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்தது வெல்டிங் பொடி என்று எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? இருபத்தாறு வருடமாக அதை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். பெட்டியின் பெரிய அறையில் இருந்தது என் பொடிதான். வேண்டுமென்றேதான் கொண்டுவந்தேன், ஒத்துப்பார்க்க. பட்டறை மாடியில் கூட்டியதையெல்லாம் அறுபது மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைக்கருவியில் வைத்து, இது என்னுடையது, இதுவும் என்னுடையது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில் ஒன்றே ஒன்று என்னுடையதாக இல்லை. அதைத் தனியாகக் காகிதத்தில் மடித்துப் பெட்டியின் சின்ன அறையில் வைத்தேன். முதலில் பொடியைக் காட்டி, பிறகு அதைக் காட்டலாம் என்று இருந்தேன். நீங்கள் பொடியோடு நிறுத்திவிட்டீர்கள்.

‘உங்க வேலையில விழுந்த குப்பையை நீங்களே பொறுக்கிட்டு வந்து காட்டுறீங்களே மச்சான்’ என்றீர்கள். பாப்பாவும் சிரித்தாள். அதுதான் வலித்தது.

பெட்டி அங்கேதான் எங்காவது கிடக்கும். தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை.

மச்சான்


ஏப்ரல் 6

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை, தலைவி அம்மாள் பையை மேஜையில் வைப்பதற்குள் போய் நின்றேன். உட்கார்ந்தால் மாற்றிப் பேசிவிடுவேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் பையை மேஜையில் வைத்துவிட்டு, ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டார். என் மச்சான் வெல்டர், அந்தக் கம்பியை ஒட்டியது அவர்தான் என்றேன். உங்கள் பொட்டலத்தின் படங்களைக் காட்டினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். செய்தித்தாளுக்கும் எழுதிவிட்டோம், அவர்கள் எட்டாம் பக்கத்தில் மூன்று வரி போட்டார்கள். ஆய்வாளர் பதவிக்கு வேறொருவரை எடுக்கிறார்கள். நான் பழையபடி படம் எடுக்கிறேன்.

வருத்தமாக இருக்கிறது மச்சான். இல்லை என்று சொன்னால் பொய். அன்றைக்குச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ‘அண்ணன் பெட்டி என்கிட்டதான் இருக்கு’ என்றாள். துணி அலமாரியில், அவளுடைய கம்பளிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அன்றைக்குச் சிரித்ததற்காக இத்தனை மாதமும் அவள் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரிய அறையைத் தொடாமல் சின்ன அறையைத் திறந்தேன். மடித்த காகிதம் இருந்தது. வெள்ளைத் தட்டின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன்.

ஒன்றும் இல்லை.

மடிப்பு ஒரு பக்கம் லேசாக விலகியிருந்தது. பெட்டியின் மூலை முடுக்கு, மூடியின் உட்புறம், அவளுடைய கம்பளிகள் என்று எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். பெரிய அறையில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கருவியில் பார்த்தேன், அதில் போய்க் கலந்திருக்குமோ என்று. நானூற்றுப் பன்னிரண்டும் உங்களுடையவைதான். நீங்கள் பிரித்ததில் ஒரு பிழைகூட இல்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று பிறகு ஞாபகம் வந்தது. மூடியைச் சரியாகப் போடாமல் பெட்டியை உங்கள் பக்கம் தள்ளினேன். அது மேஜை விளிம்பில் சாய்ந்து கீழே விழுந்தது. நீங்கள் குனிந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலையில் அந்த அறையைக் கூட்டிக் குப்பையை வெளியே போட்டவன் நான்தான். இப்போது காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு மண்டிபோட்டு அறை முழுக்கத் தேடிவிட்டேன். நான்கு ஹேர்பின், ஒரு திருகாணி, ஒரு குண்டூசி. வேறில்லை.

ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. என்னிடம் ஐந்து கல் உருண்டைகள் இருக்கின்றனவே, ஒன்றை அந்தக் காகிதத்தில் மடித்து ‘உங்களுடையது உண்மைதான் மச்சான்’ என்று எழுதிவிட்டால் என்ன? உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. இடுக்கியைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் காகிதத்தின் உட்பக்கம் பென்சிலில் ஏதோ இருந்தது கண்ணில் பட்டது.

படம் வரைந்திருக்கிறீர்கள். ஓர் உருண்டை, அதன் மேல் நூல்கண்டு போல வரிகள், ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு. கீழே போன வருடம் ஜூன் மாதத் தேதி. அதாவது நான் உங்களுக்கு அந்த மூக்கைப் பற்றி எழுதுவதற்கு எட்டு மாதம் முன்பு. பார்க்காத ஒருவரால் அதை வரைய முடியாது மச்சான். வெல்டிங்கில் அப்படி வராது. கருவியில் வைக்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது, போன மாதம்தான் அதற்கு அடி வாங்கினேன். இருந்தாலும் சொல்கிறேன். அது வானத்திலிருந்து வந்தது. நீங்கள் சரியாகப் பிரித்துக் கொண்டுவந்ததை நான் தட்டிவிட்டுக் கூட்டித் தள்ளிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். போனில் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் பெயின்டரிடம் படித்துக் காட்டினேன். ‘வரைஞ்சு வச்சதுதான் மிச்சம்’ என்றார். அவர் வாயை மூட ஆள் இல்லை.

போய்விட்டதே என்று இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. உங்கள் மேல் கோபமும் வந்தது, மறைப்பானேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து, நானூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தேன் என்ற இடத்தை மட்டும் படித்தேன். எனக்கு அது போதும்.

வேறொன்றை வைத்து மடித்திருந்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அந்த மூக்கு கொஞ்சம் கோணல். படத்தில் அதைச் சரியாகப் போட எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரக் கடைசியிலிருந்து எனக்குப் பத்து நாள் விடுப்பு. இரண்டாம் ஞாயிறு மதியம் அங்கே இருப்பேன். அன்றைக்குப் பாதியில் எழுந்துபோன சாப்பாடு பாக்கி இருக்கிறது, பாப்பாவிடம் சொல்லிவையுங்கள். இந்தமுறை அவள் தாராளமாகச் சிரிக்கலாம்.

சாப்பிட்டதும் பட்டறை மாடிக்குப் போவோம். போன வருடம் கூட்டியதற்குப் பிறகு அங்கே யாரும் துடைப்பம் எடுக்கவில்லை. உங்கள் கருவி பெரியது, அது பிறகு பார்க்கட்டும். முதலில் நீங்கள் கூட்டுங்கள், நான் பிரிக்கிறேன். என்னுடையது எது, என்னுடையது இல்லாதது எது என்று எனக்குத் தெரியும்.

மச்சான்